விமானப்படைத் தளத்துக்குள் ஒரு நாள்: விருந்தாளி விமானங்களைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

குன்னூர்_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு, பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்துக்குப் போகலாம் என்று நானும் தங்கச்சியும் முடிவு செய்திருக்கிறோம். பொதுமக்களை விடும் கடைசி நாட்களில் ஒரு நாள். 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூர் பக்கம் சூலூர் தளத்தில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சி நடந்தபோது ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று நான்கு நாட்டு விமானங்கள் நம் மலையடிவாரத்திலேயே வந்து நின்றன. இங்கே எங்களுக்குக் கிடைத்தது மேகத்துக்கு மேலே சத்தம் மட்டும். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

என்னிடம் இருப்பது பழைய கிராப் சென்சார் கேமரா, கூட ஒரு 70-300 லென்ஸ். கோயம்புத்தூரில் 150-600 தூர லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா? ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது? எனக்கு வெளிநாட்டு விமானங்கள்தான் முக்கியம். நம்ம தேஜஸ் சூலூரிலேயே இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி_குருவி

யோசிக்காமல் 150-600 எடுங்க தம்பி. 300 போதாது. ஜெட்டுக்கு ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் துவாரம் எஃப்8, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஃபோகஸ் தொடர் மோடில் இருக்கட்டும். விமானம் தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே வ்யூஃபைண்டரில் பிடித்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே கூட வாங்க. தலைக்கு நேரே வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு. சாம்பல் நிற விமானம், பின்னால் வெள்ளை வானம். கேமரா வானத்தைப் பார்த்து ஏமாந்துபோய் விமானத்தைக் கரியாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் பிளஸ் ஒன்றாவது வையுங்க. மேகம் அடர்ந்திருந்தால் அதற்கு மேலும் போகலாம்.

லாங்வுட் சோலையில் நீலகிரிச் சிரிப்பான் குருவியைப் படம் பிடிக்கிறவனுக்கு ரஃபேல் போர் விமானம் ஒரு பொருட்டே இல்லை. ரஃபேல் புதருக்குள் ஒளிந்துகொள்ளாது.

சார்ஜென்ட்_அரவங்காடு

குருவி சார் சொன்ன செட்டிங்கில் குறை இல்லை. ஆனால் அவர் பறவைக்காரர், பறப்பதைத்தான் பார்ப்பார். நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடலைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன், பெரும்பாலும் ஏஎன்-32 சரக்கு விமானம். அதனால் என் கண் தரைக்குத்தான் போகும்.

தம்பி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பறக்கும்போது அத்தனை பேரும் ஒரே வேலியோரம் நின்று, ஒரே திருப்பத்தை, ஒரே கோணத்தில் எடுக்கிறார்கள். சாயங்காலம் இணையத்தில் பார்த்தால் எது யார் எடுத்தது என்றே தெரியாது. திறந்த நாளில் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு: வேறொரு நாட்டுப் போர் விமானம், நமக்குச் சில மீட்டர் தள்ளி, அசையாமல் நிற்கிறது. மற்ற நாட்களில் எந்த லென்ஸ் வைத்திருந்தாலும் அந்த இடத்துக்கு நம்மால் போக முடியாது.

அதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்வது என்ன? எதிரே நின்று, இரண்டு விரலைக் காட்டி, ஒரு செல்ஃபி.

கிட்டே போய்ப் பாருங்க. வெளிநாட்டு விமானத்தின் உடம்பெல்லாம் எழுத்து. எங்கே மிதிக்கக் கூடாது, எங்கே எரிபொருள் ஊற்ற வேண்டும், அவசரத்தில் கனோப்பியை, அதாவது விமானி தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடியை, வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று சின்னச் சின்னதாக அச்சடித்திருக்கும். சிலது ஆங்கிலத்தில், சிலது அவங்க மொழியில். வாலில் ஸ்க்வாட்ரன் எனும் படைப்பிரிவின் சின்னம். காற்று உறிஞ்சும் வாய்க்கு மூடி, வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்கு உறை, அதில் தொங்கும் சிவப்பு நாடாவில் ‘ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்’, பறக்கும் முன் கழற்று என்று. பின்னால் போனால் எஞ்சின் வெப்பக்காற்றைத் தள்ளும் நாசில் இதழ்களில் சூடுபட்டு நீலமும் பழுப்புமாக ஓடியிருக்கும் நிறம். டயரின் தேய்மானம். பேனல் ஓரத்தில் கசிந்து காய்ந்த எண்ணெய்க் கோடு. கண்டம் தாண்டி வந்த விமானம் கண்காட்சிக்காகப் பளபளவென்று நிற்காது. அந்த அழுக்குதான் அதன் பயணக் கதை, அதை எடுங்க.

இதற்கு 600 எதற்கு? கேமராவோடு வந்த 18-55 போதும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, முன் சக்கரத்தின் உயரத்திலிருந்து மேலே பார்த்து எடுங்க. கூட்டம் விமானத்துக்குக் கீழே மறைந்துவிடும், பின்னால் வானம் மட்டும் நிற்கும்.

ஷட்டர் விஷயத்திலும் ஒரு திருத்தம். 1/2000 ஜெட்டுக்கு மட்டும். விசிறி உள்ள எதற்கும் அதை வைக்காதீங்க. எம்ஐ-17 ஹெலிகாப்டரின் பெரிய ரோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று, அதாவது நொடிக்கு மூன்று சொச்சம். 1/2000இல் ஒரு இறக்கை ஒரு டிகிரிகூட நகர்ந்திருக்காது. படத்தில் எஞ்சின் நின்றுபோய் வானத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். 1/125 வைத்தால் ஒன்பது டிகிரி நகரும், 1/60 என்றால் அதில் இரண்டு மடங்கு. அப்போதுதான் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கை ஆடும், நிறையப் படம் வீணாகும், பரவாயில்லை. விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகசக் குழுவான சாரங் வரும்போது இதை முயற்சி பண்ணுங்க. அவங்களும் நம்ம சூலூர்க்காரங்கதான்.

ஊட்டி_உருளை

செல்ஃபி எடுக்கிறவன் மனசைப் புண்படுத்தாதீங்க சார். நாங்க காட்டுவது இரண்டு விரல் இல்லை, வெற்றிச் சின்னம்.

கேத்தி_மாலதி

2025 பிப்ரவரியில் பிள்ளைகளோடு எலகங்கா போய் வந்தேன், அதனால் சொல்கிறேன். முதலில் டிக்கெட்டைப் பாருங்க குமரன். ஏர் டிஸ்ப்ளே பார்க்கும் பகுதிக்கு ஒரு டிக்கெட், கண்காட்சிக்குள் போக வேறு டிக்கெட். அந்த வருஷம் முதலாவது 1000 ரூபாய், இரண்டாவது 2500. மலிவானதை வாங்கினால் பறப்பதை மட்டும் பார்க்கலாம், சார்ஜென்ட் சார் சொல்கிற தரை விமானங்கள் பக்கம் விடமாட்டார்கள். எங்கள் கூட வந்த குடும்பம் ஒன்று இது தெரியாமல் வாசலில் நின்று சண்டை போட்டது.

அந்த முறைதான் ரஷ்யாவின் எஸ்யூ-57 முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தது, அமெரிக்காவின் எஃப்-35உம் வந்திருந்தது. அந்த இரண்டையும் ஒரே தளத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது என்பதை இன்னும் என் பெரியவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

என் கையில் மொபைல் மட்டும்தான். ஆனாலும் நல்ல படம் கிடைத்தது, காரணம் ஒன்றே ஒன்று. வானத்தில் காட்சி தொடங்கியதும் கூட்டம் அப்படியே ஓடுதளம் பக்கம் ஓடுகிறது. நிற்கும் விமானங்களைச் சுற்றி ஆளே இல்லை. சின்னவனுக்குச் சத்தம் ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு அழுதான், அவனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். அடுத்த அரை மணி நேரம் அந்த இடம் முழுக்க எங்களுக்குத்தான். காலையிலும் மதியத்துக்குப் பிறகும் இரண்டு முறை பறப்பார்கள். ஒன்றைப் பாருங்க, ஒன்றை விட்டுவிட்டு இங்கே வாங்க.

தண்ணீர், தொப்பி, காதுக்குப் பஞ்சு. இதைச் சாதாரணமாக நினைக்காதீங்க. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானக் காட்சி பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். நடுப்பகல் வெயில், அத்தனை லட்சம் பேர். மலையில் இருக்கிற நமக்குக் கீழே உள்ள வெயில் உறைக்க நேரம் ஆகும், உறைக்கும்போது தலை சுற்றும்.

பழைய_இந்து_பிலிம்

இழை நன்றாகப் போகிறது. நான் இந்து நகர் ஹெச்பிஎஃப்-இல் வேலை பார்த்தவன். மத்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் மட்டும்தான் தெரியும். நாட்டுக்கே கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இந்தக் குளிரில் தயாரானது என்றால் சிரிக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேமராவைப் பற்றி எல்லாரும் சொன்னீர்கள், குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பனிக்காலத்தில் விடியற்காலை ஊட்டியை விட்டுக் கிளம்புகிறீர்கள். பை ராத்திரி முழுக்கச் சில்லென்ற அறையில் கிடந்தது. கீழே ஈரக்காற்று உள்ள இடத்தில் இறங்கி ஆசையாகக் கேமராவை வெளியே எடுத்தால் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைத்தால் மறுபடி வரும். லென்ஸுக்கு உள்ளே படிந்துவிட்டால் துடைக்கவும் முடியாது. ஆகஸ்டில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினாலே இது நடக்கும். எலகங்கா பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும், அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் காரில் ஏசி போட்டு அதன் எதிரிலேயே பையை வைத்தால் அதே கதைதான்.

வழி சுலபம். பையை மூடியபடியே வைத்திருங்கள், உள்ளே இருப்பது மெதுவாகச் சூடேறட்டும். அரை மணி, முக்கால் மணி. வண்டியில் ஏறும்போதே பேட்டரியும் கார்டும் போட்டுத் தயாராக வைத்துவிட்டால் நடுவில் பையைத் திறக்க வேண்டி வராது.

திரும்பி வந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதற்கு ஒரு மழைக்காலம் போதும். வாடகை லென்ஸ் என்றால் வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள் மேல் விழும்.

இன்னொரு பழக்கமும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் சுருளுக்கு 36 படம். அதனால் கண் முதலில் எடுக்கும், விரல் பிறகு எடுக்கும். இப்போது ஒரு திருப்பத்துக்கு நூறு படம் விழுகிறது. ராத்திரி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினால் பாதியில் தூங்கிப்போகிறார்கள்.

கோத்தகிரி_குருவி

பெரியவர் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். சார்ஜென்ட் சாரோடுதான் எனக்கு வழக்கு. தரை, தரை என்கிறீர்கள். விமானம் பறக்கத்தானே செய்தார்கள்? ஈரக்காற்றில் ரஃபேல் செங்குத்தாகத் திரும்பும்போது இறக்கை மேலே வெள்ளையாக ஒரு ஆவிப்படலம் எழுமே, அதற்கு ஈடாக டயர் தேய்மானமா?

ஆனால் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், 600 எடுத்தாலும் மதிய நேரத்தில் அதை ஓடுதளம் பக்கம் திருப்பாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் கான்கிரீட் சூடாகி, அதன் மேல் காற்று அலையடிக்கும். தூரத்தில் டாக்சி செய்து, அதாவது தரையில் உருண்டு வரும் விமானம் கானலில் நெளியும். அது ஃபோகஸ் கோளாறு இல்லை. லென்ஸை மாற்றினாலும், ஷட்டரைக் கூட்டினாலும் போகாது. இடையில் உள்ள காற்றே கண்ணாடி மாதிரி வளைக்கிறது. கிட்டே போனால் குறையும், காலையில் எடுத்தால் குறையும். இல்லையென்றால் விமானம் மேலே எழும்பி நீல வானத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சார்ஜென்ட்_அரவங்காடு

பார்த்தீங்களா, தூர லென்ஸுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க. ஆவிப்படலம் அழகு, மறுக்கவில்லை. அது வேண்டும் என்றால் தம்பி ஆகஸ்டில் போகட்டும். பிப்ரவரி வறண்ட காற்றில் அது அபூர்வம்.

வெலிங்டன்_வாசி

இதற்கெல்லாம் எலகங்கா போகணுமா? வாரம் தவறாமல் நம் தலைக்கு மேலேயே ஹெலிகாப்டர் வருகிறது. இங்குள்ள முப்படை அதிகாரிகளின் ஸ்டாஃப் காலேஜுக்கு யாராவது பெரிய ஆள் வந்தால் ஜிம்கானா மைதானத்தில் இறங்கும், ஊட்டி என்றால் தீட்டுக்கல். வீட்டு மாடியிலிருந்து எடுத்தால் யார் கேட்பது? சூலூரிலும் சுற்றுச்சுவருக்கு வெளியே ரோட்டோரம் நின்று எடுக்கிறார்கள். ஒரு ட்ரோன் இருந்தால் இன்னும் வசதி.

கேத்தி_மாலதி

ட்ரோனா? அண்ணா, விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சார்ஜென்ட்_அரவங்காடு

விளையாட்டுக்குக்கூட இதைச் சொல்ல வேண்டாம். கன்டோன்மென்ட் ஒரு பக்கம், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னொரு பக்கம். நாம் குடியிருக்கும் இடம் அப்படி. 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தடை செய்யப்பட்ட இடத்தின் அருகே போவது, அதை வரைவது, படம் எடுப்பது எல்லாம் அதன் 3ஆம் பிரிவில் வரும். நாட்டுக்குக் கேடு செய்யும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று வக்கீல் வாதாடுவார். அதுவரை உங்கள் கேமரா போலீஸ் ஸ்டேஷன் மேசையில் கிடக்கும். ட்ரோன் என்றால் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தூக்கவே கூடாது.

2021 டிசம்பர் 8, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? காட்டேரி அருகே ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த அந்தச் சில நொடி வீடியோ. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போகிறது, அதோடு சரி. அவர்கள் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்த மொபைலைப் போலீஸ் வாங்கி ஆய்வுக்கு அனுப்பியது. பள்ளத்தாக்கில் திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததுதான் என்று முப்படை விசாரணைக் குழுவின் முதல்கட்ட அறிக்கை சொன்னது. 14 பேர் போன இடம் அது. அதற்குப் பிறகு மாடியிலிருந்து ஹெலிகாப்டரைக் குறிபார்க்க எனக்குக் கை வருவதில்லை.

திறந்த நாளிலும் எல்லை உண்டு. பாஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். மொபைல் மட்டும் என்று போட்டிருந்தால் மொபைல் மட்டும். ஹேங்கர் உள்ளே, ரேடார், காவல் கூண்டு பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம். பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டு வீரரிடம் முதலில் வணக்கம் சொல்லி, கேமராவைக் காட்டிக் கேளுங்க. முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகத் தலையசைப்பார்கள், சிலர் சட்டையில் ஒட்டும் ஸ்க்வாட்ரன் பேட்ச்கூடக் கொடுப்பார்கள். தலையாட்டி மறுத்தால் நகர்ந்துவிட வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது.

வெலிங்டன்_வாசி

சரி சார், புரிந்தது. மாடியை விட்டு இறங்கிவிட்டேன்.

குன்னூர்_குமரன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. பிரான்சின் ரஃபேலும், டைஃபூன் என்ற ஐரோப்பியப் போர் விமானமும் பார்க்க ஒன்றாகவே தெரிகின்றன. தங்கச்சி கேட்டால் என்ன சொல்வது?

மஞ்சூர்_மாறன்

அண்ணா, இது என் ஏரியா. இரண்டுக்கும் முக்கோண இறக்கை, இரண்டு எஞ்சின், முன்னால் சின்ன இறக்கை, அதனால்தான் குழப்பம். வயிற்றைப் பாருங்க. டைஃபூனுக்குக் காற்று வாய் வயிற்றுக்குக் கீழே, சிரிக்கிற மாதிரி வளைந்திருக்கும். ரஃபேலுக்கு இரண்டு பக்கக் கன்னத்திலும் தனித்தனியாக இருக்கும். டைஃபூனின் சின்ன இறக்கை விமானியின் இருக்கைக்கும் முன்னால், மூக்கோரம். ரஃபேலில் அது பின்னால் தள்ளி, பெரிய இறக்கையை ஒட்டி. மூக்குக்கு மேலே வளைந்த குழாய் ஒன்று நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் ரஃபேல். வானத்திலேயே எரிபொருள் வாங்குவதற்கு அது. டைஃபூனில் மடக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். சின்ன இறக்கையே இல்லாமல் ஒற்றை எஞ்சினோடு குட்டியாக வந்தால் நம்ம தேஜஸ், இல்லையென்றால் மிராஜ் 2000.

டைஃபூனைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன, எந்த நாடு என்று தெரிய வட்டச் சின்னத்தைப் பாருங்க. ஜெர்மனிக்கு வட்டமே இல்லை, கறுப்புச் சிலுவை. ஸ்பெயினுக்குச் சிவப்பு மஞ்சள் சிவப்பு, வாலில் பெருக்கல் குறி. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஒரே நிறங்கள், ஆனால் தலைகீழ்: பிரான்சுக்கு நடுவில் நீலம், பிரிட்டனுக்கு நடுவில் சிவப்பு. போர் விமானங்களில் இதை மங்கலாகப் பூசியிருப்பார்கள், அதனால் ஜேபெக் மட்டும் எடுக்காமல், கேமரா பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலும் எடுங்க, அப்புறம் தெளிவாக்கிப் பார்க்கலாம்.

சரக்கு விமானம் ஏ400எம் வந்தால் விட்டுவிடாதீங்க. சூலூருக்கும் வந்தது. ஒவ்வொரு விசிறிக்கும் எட்டு இறக்கை. ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சுற்றும். மெதுவான ஷட்டரில் நேரே முன்னால் வரும்போது எடுத்தால் அது தெரியும்.

சார்ஜென்ட்_அரவங்காடு

சபாஷ் மாறன். எந்த வகுப்பு படிக்கிறீங்க?

மஞ்சூர்_மாறன்

பிளஸ் ஒன் சார். கணக்கில்தான் கொஞ்சம் இடிக்கிறது.

ஊட்டி_உருளை

போகிற வழியையும் பேசிவிடலாம். குன்னூரிலிருந்து மைசூர் வழியாகத்தானே? பந்திப்பூர் ரோடு ராத்திரி ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். விடியற்காலை கிளம்பி முதல் காட்சியைப் பிடிக்கலாம் என்ற கணக்கெல்லாம் நடக்காது. ஆறு மணிக்கு கேட் திறந்து, மைசூர் தாண்டி, பெங்களூரு டிராஃபிக்கில் எலகங்கா வடகோடியில் போய்ச் சேரும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலமே காட்டைத் தாண்டி, ராத்திரி அந்தப் பக்கம் தங்கிவிடுங்க.

குன்னூர்_குமரன்

அப்படியே செய்கிறோம். 150-600 வேண்டாம் என்று முடிவு, அந்தப் பணம் பெரிய டிக்கெட்டுக்குப் போகிறது. காலைக் காட்சிக்கு 70-300, மதியம் எல்லாரும் வேலிக்கு ஓடும்போது நாங்கள் தரையில். ஒரே சிக்கல், என்னுடைய 18-55இல் ஜூம் வளையம் இறுகிவிட்டது. அருகில் யாரிடமாவது இருக்கிறதா?

கோத்தகிரி_குருவி

என்னிடம் 18-135 சும்மா கிடக்கிறது, உங்க கேமரா என்ன மவுண்ட் என்று தனிச்செய்தியில் சொல்லுங்க. சனிக்கிழமை குன்னூர் மார்க்கெட் வருவேன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிக்கொள்ளலாம். வாடகை வேண்டாம், ஆவிப்படலத்தோடு ஒரு ரஃபேல் படம் கொண்டுவந்தால் போதும்.

சார்ஜென்ட்_அரவங்காடு

டயர் படம் எனக்கு.